நாளைக்கான அப்பம்

கறுப்புப் பையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே கையை விட்டதும் விரலில் ஒரு சிலுவை இடறியது. வட்டமான ரொட்டி. அதன் நடுவே அச்சில் பதிந்த சிலுவை, அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் வேறு சிலுவைகள். கையைச் சுட்டதுபோல் வெளியே இழுத்துக்கொண்டேன். குப்பை பிரிக்கிறவள் கையில் ஊசி குத்தும், கண்ணாடி கிழிக்கும், அழுகின கோழிக்குடல் வழுக்கும். அதற்கெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை. அன்று காலை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

ஒன்றிரண்டு தவறி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். துவைத்து வைத்திருந்த வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து தரையில் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி வைத்தேன். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பை காலியானதும் அடுத்த பையை அவிழ்த்தேன். அதிலும் ரொட்டி. பூசணம் இல்லை, கெடவில்லை. நேற்றைய பூசைக்குச் சுட்டவை. அடியில் அணைந்த மெழுகுவர்த்தித் துண்டுகளும், வாடின மாலையும், யாரோ ஒரு குழந்தைக்கு மாட்டிக் கழற்றிய மூத்திர ஈரத்துணியும் கிடந்தன. என் புருஷன் அயாத் குப்பை எடுக்கும் தோட்டக் குடியிருப்பில் கோவில் ஒன்றே ஒன்றுதான். யார் வீட்டுப் பை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊரில் தெருவில் ஒரு ரொட்டித் துண்டு கிடந்தால் முஸ்லிமானாலும் கிறிஸ்தவனானாலும் குனிந்து எடுத்து முத்தி, கால்படாத இடமாகப் பார்த்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் போவான். சாதாரண ரொட்டிக்கே அந்த மரியாதை. இது குர்பான் ரொட்டி, பூசைக்கென்றே சுடுவது. கோவில் வளாகத்துக்குள்ளேயே பெத்லகேம் என்று பேர் வைத்த சின்ன அறை இருக்கும். அங்கே சங்கீதம் சொல்லிக்கொண்டேதான் மாவைப் பிசைவார்கள். தட்டிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பலிபீடத்துக்குக் கொண்டுபோவார்கள். மற்றதெல்லாம் பூசை முடிந்து வாசலில் சனங்களுக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் என் பிள்ளைகளை உள்ளங்கையைக் குவித்து வாங்கச் சொல்வேன். கையில் ஒட்டிய துகளை நக்கி எடுக்காமல் ஒருத்தரையும் எழுந்திருக்க விடமாட்டேன். என் வீட்டில் துகளுக்கு இந்தப் பாடு. அங்கே பை பையாக வெளியே வந்திருக்கிறது.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் திரேஸா ஓடிவந்தாள். அரசாங்க ரொட்டிக்கடை வரிசையில் விடியலிலிருந்து நின்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கையில் இருந்த ரொட்டி அவள் வீட்டுக்கு மத்தியானம் வரைக்கும் வரும்.

"என்னடி வர்தா, பாம்பா?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டிருப்பேன். வந்து பாரு."

பார்த்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்கட்டில் எங்கள் பன்றிகள் வழக்கமான நேரத்துக்குத் தீனி வரவில்லை என்று உறுமிக்கொண்டிருந்தன.

"அதுங்களுக்குப் போட்டுத் தொலைச்சிராதடி, கை விளங்காமப் போயிரும்."

"எனக்குத் தெரியாதா?"

"நாம தின்னலாம்தான்." ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு அந்த ஈரத்துணியைப் பார்த்தாள். ரொட்டியை வைத்துவிட்டாள். "நைல்ல விட்டுரு. மீனாவது தின்னும்."

"மீன் என்னடி பாவம் பண்ணுச்சு? எவன் சுட்டானோ அவன் திங்கட்டும்."

அயாத் மாடியிலிருந்து இறங்கிவந்தான். நள்ளிரவில் வண்டியெடுத்துப் போய் விடியலில் திரும்புகிறவன், அந்த நேரம்தான் கண்ணயர்வான். போர்வையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூத்தவன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவான்.

"கராஸ் அம்மா, கும்பிட்டுக் கேக்குறேன். பையில போட்டு முடிச்சைப் போடு. நானே கொண்டுபோய் ஆத்துல விட்டுட்டு வரேன்."

"எதுக்கு நீ பயப்படுற? போட்டவன்ல பயப்படணும்."

"போட்டவனுக்கு என்ன பயம்? அவனுக்கா நாளைக்குச் சோறு போகப்போகுது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. தோட்டக் குடியிருப்பின் சங்கத் தலைவர் ரவூஃப் என்கிற இன்ஜினியர். கோவில் கமிட்டிக்கும் அவரே தலைவர். மூடி போட்ட பச்சை லாரி வைத்திருக்கும் கம்பெனி ஒன்று அந்தக் குடியிருப்பின் குப்பையைக் கேட்டு அவர் வாசலுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கிக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் கொட்டுகிற லாரி. பார்க்கச் சுத்தமாக இருக்கும். இந்த மாதத்துக்குள் முடிவு சொல்வதாக ரவூஃப் சொல்லியிருந்தார். எங்கள் மலையடிவாரத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் குப்பை எடுக்க ஊருக்குள் ஒரு பகுதி. ஒருத்தன் பகுதியில் இன்னொருத்தன் கைவைக்க முடியாது. தோட்டக் குடியிருப்பு கைவிட்டுப்போனால் எங்களுக்கு வேறு தெரு கிடையாது. மூன்று பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், உள்கட்டில் உறுமுகிற அத்தனையும் சாப்பிடுவது அந்த ஒரு குடியிருப்பின் எச்சிலைத்தான்.

எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன். மற்றப் பைகளைப் பிரித்தேன். பிளாஸ்டிக்கை ஒருபக்கம், தகரத்தை ஒருபக்கம் போட்டேன். பிரிக்கும்போது "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது என் வழக்கம். கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று. அதுதான் எனக்குத் தெரிந்த ஜெபம். அன்று வாய் அதையே சொல்லிக்கொண்டிருக்க, மனசு அவரை ஏசிக்கொண்டிருந்தது. உன் பேரைச் சொல்லிச் சுட்டதை உன் வீட்டிலிருந்தே என் வாசலுக்கு அனுப்பினாயே, நான் என்ன செய்வேன் என்று நினைத்தாய்? முடிச்சைப் போட்டு ஆற்றில் விடுவேன் என்றா? உச்சிவெயில் இறங்கினதும் எழுந்து தண்ணீர் காய்ச்சினேன்.

குளித்தேன். எலுமிச்சையை நகக்கண் வரைக்கும் தேய்த்தேன். கோவிலுக்குப் போகும் நீல அங்கியைப் போட்டுக்கொண்டேன். போர்வையின் நாலு முனையையும் கூட்டி மூட்டை கட்டினேன். அயாத் வண்டிச் சாவியை எடுத்தான். திட்டிக்கொண்டே வந்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். வழியெல்லாம் மூட்டையை மடியில் வைத்திருந்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

கோவில் வாசலில் பையன்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே விடுவதற்குமுன், கிறிஸ்தவர்தானா என்று பார்க்க மணிக்கட்டைக் காட்டச் சொல்வது இப்போது எல்லாக் கோவிலிலும் உள்ளதுதான். அங்கியின் கையைத் தள்ளி, சின்ன வயதில் பச்சை குத்திய சிலுவையைக் காட்டினேன். பையன் சிலுவையைப் பார்த்தான். பிறகு அவன் மூக்கு சுருங்கியது. எலுமிச்சையால் ஆனது அவ்வளவுதான்.

"பின்வாசல் வழியா போங்கம்மா. சமையல் ஆளுங்க அங்க இருப்பாங்க."

"பின்வாசல் வழியாத்தான் இது வெளிய வந்துச்சு தம்பி. முன்வாசல் வழியா உள்ள போகட்டும்."

அவன் முழிப்பதற்குள் நான் முற்றத்தில் இருந்தேன். ஹால் முகப்பில் பெரிய துணித்தட்டி கட்டியிருந்தது. உக்கிராணத்துவ மாநாடு. நாம் உரிமையாளர்கள் அல்ல, உக்கிராணக்காரர்கள். கர்த்தர் கொடுத்ததைக் காத்துப் பங்கிடுகிறவர்கள் என்று அர்த்தம். கீழே கோதுமைக்கதிர் படம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நின்று முழுவதையும் வாசித்தேன். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

உள்ளே நீள மேசைகளில் நோன்புச் சாப்பாடு வைத்திருந்தார்கள். அவித்த பயறு, எள்ளுக் குழம்பு, பொரித்த கத்தரிக்காய், தட்டு தட்டாகப் பேரீச்சம்பழம். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு காலம், மூன்று மணிவரை யாரும் பல்லில் படவிடமாட்டார்கள். நானும்தான். பேச்சு அப்போதுதான் முடிந்திருக்கவேண்டும், சனங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள். அபூனா மிசாயேல் வாசல் பக்கமே நின்றிருந்தார். எங்கள் சாமியார்களை அபூனா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயசு. தாடி இன்னும் கறுப்பு. கெட்ட மனுஷன் இல்லை. மலையடிவாரத்துக்கு நோயாளிகளைப் பார்க்க வந்திருக்கிறார், எங்கள் வீட்டுத் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார். குனிந்து அவர் கையை முத்தப் போனேன், வழக்கம்போல் பணிவாக இழுத்துக்கொண்டார். மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன்.

"எங்கேருந்தும்மா இது?"

"உங்க குப்பையிலேருந்து, அபூனா."

அவர் முகம் சுருங்கியது. பிறகு எனக்காக இரக்கப்பட ஆரம்பித்தார்.

"மனசைப் போட்டு வருத்திக்காதம்மா. இதைத் தொட்டது பாவமோன்னு பயந்துதானே ஓடி வந்திருக்கே?"

"நான் பயந்து வரல அபூனா. கோவத்துல வந்திருக்கேன்."

சுற்றி நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை இன்னும் தணித்தார்.

"பெரிய நோன்பு இல்லையா. வீட்டுக்கு வீடு நேர்ந்துக்கிட்டு மாவு அனுப்புறாங்க. அவங்கவங்க மாவுல அவங்கவங்க பேர் சொல்லிச் சுடணும்னு ஆசைப்படுறாங்க. நேத்து ஒரே நாள்ல எல்லாரும் அனுப்பிட்டாங்க. வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படும்."

"அவங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் குப்பைக்குப் போச்சா?"

"கேளும்மா. பலிபீடத்துக்குப் போனது ஒண்ணுதான். அதுல ஒரு துகள்கூட வீணாகாது. அதுக்கு நான் பொறுப்பு. இது அது இல்ல. இது வெறும் ரொட்டி."

அவர் என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் குரல் உயர்ந்தது. கர்த்தருடைய சரீரம் எது, எது இல்லை என்று எனக்கும் தெரியும். அதைக் கேட்கவா மடியில் மூட்டையோடு வந்தேன்?

"வெறும் ரொட்டியா? திரேஸான்னு என் பக்கத்து வீட்டுக்காரி, இருட்டோட போய் வரிசையில நிக்கிறா அபூனா. வெறும் ரொட்டிக்குத்தான் நிக்கிறா. கர்த்தரோட சரீரத்தைப் பத்திரமா வெச்சுக்கிட்டீங்க, சந்தோஷம். வெறும் ரொட்டியை யார் பாத்துக்கிறது? அதைத்தான வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்க?"

அதற்குள் இன்ஜினியர் ரவூஃப் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. என்னை அவருக்குத் தெரியாது. மூட்டையைப் பார்த்ததும் என் புருஷனைத் தெரிந்துவிட்டது.

"நீ அயாத் சம்சாரமா?"

"ஆமாங்க ஐயா."

"குப்பையை எடுத்துட்டுப் போறதுக்குத்தான் உங்களை வெச்சிருக்கோம். உள்ள என்ன இருக்குன்னு நோண்டிப் பாக்குறதா உங்க வேலை?"

"அதுதாங்க ஐயா எங்க வேலையே."

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். ரவூஃபுக்குக் காது மடல் சிவந்தது. அபூனா இரண்டு பேருக்கும் நடுவில் கையைக் காட்டினார். "போதும், போதும். நோன்பு முறிக்கிற நேரம். நீயும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்மா. மூட்டையை அங்க வை, நான் பாத்துக்கிறேன்."

அவர் கைகாட்டிய மூலையில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அந்த மாதிரித் தொட்டி என் கண்ணுக்குத் தப்பாது.

மூட்டையைக் கீழே வைக்கவில்லை. அவர் மேசைகளின் தலைமாட்டுக்குப் போனார், எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள். நாங்கள் ஜெபிப்பது கையைக் கூப்பி அல்ல. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே விரித்துக் கண்ணை மூடிக்கொள்வோம். ஹால் நிறைய விரிந்த கைகள். மோதிரம் போட்ட கைகள், கடிகாரம் கட்டின கைகள், மருதாணி மங்கிய கைகள். எல்லாம் காலியாக இருந்தன. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று இழுத்துப் பாட ஆரம்பித்தார்கள். நானும் முணுமுணுத்தேன். எனக்குக் கை விரிக்க முடியவில்லை, மூட்டை இருந்தது.

அந்த ஜெபத்தில் மற்றச் சபைகளில் அன்றன்றுள்ள அப்பம் என்பார்கள், எங்கள் சபையில் வேறுவிதமாகச் சொல்வோம். நாளைக்கான எங்கள் அப்பத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்பதுதான் எங்கள் வாக்கு. பிறந்ததிலிருந்து சொல்கிறேன். அன்றைக்கு அந்த ஹாலில், அத்தனை பேரும் ஒரே குரலில் அதைக் கேட்டார்கள். கையை நீட்டிக் கேட்டார்கள். கேட்டது என் கையில் இருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பக்கத்தில் நின்ற பெரிய மனுஷனின் உள்ளங்கையில் ஒரு ரொட்டியை வைத்தேன். அவர் கண்ணைத் திறந்தார். நான் அடுத்த கைக்குப் போய்விட்டேன். அடுத்தது ஒரு பெண்மணி, அதற்கடுத்தது அவள் மகள். ஒவ்வொரு கையாக, மெதுவாக, முத்தி முத்தி வைத்துக்கொண்டே போனேன். சிலரின் விரல்கள் பட்டென்று மூடிக்கொண்டன. யாரும் கீழே போடவில்லை. போட முடியுமா? சிலுவை பதிந்திருக்கிறதே. ஜெபத்தின் நடுவில் கையை இறக்கவும் முடியாது. பாட்டு தேய்ந்துபோனது, ஆனால் முன்னால் நின்ற அபூனா கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். சாமியார்கள் கர்த்தர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தோடு நிறுத்திக்கொள்வதில்லையே. மழைக்காக, ஆற்றுத் தண்ணீருக்காக, பயிருக்காக, நோயாளிகளுக்காக, இந்த மாநாட்டுக்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் இரண்டு மேசையைச் சுற்றிவிட்டேன்.

ரவூஃப் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நான் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையை மடக்கியிருக்கலாம். மடக்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் ஜெபத்தில் கையை மடக்கிக்கொண்டவர் என்ற பேர் அவருக்கு வேண்டாம். வைத்தேன். உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நாளையிலேருந்து உங்க வண்டி இந்தக் கேட்டுக்குள்ள வரக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே அயாத் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. ரவூஃப் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். இதையும் சொல்லிவிடவேண்டும். கோபம் இருந்த இடத்தில் சட்டென்று பிள்ளைகளின் முகம் வந்து உட்கார்ந்தது. கடைசியில் ஒரே ஒரு ரொட்டி மிஞ்சியிருந்தது. தலைமாட்டுக்குப் போய் அதை அபூனாவின் கையில் வைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவரின் குரல் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து முதலில் கையைப் பார்த்தார். பிறகு ஹாலைப் பார்த்தார்.

"ஆமென்" என்று யாரோ சொன்னார்கள். வேறு யாரும் சொல்லவில்லை. ஆமென் சொன்னால் கையை இறக்கவேண்டும். இறக்கினால் கையில் இருப்பதை எங்கேயாவது வைக்கவேண்டும். மேசையில் இடமில்லை, எல்லாம் சாப்பாடு. ஒரு வயதான அம்மா மட்டும் பழக்கதோஷத்தில் ரொட்டியை முத்தி நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பழையபடி கையை நீட்டிக்கொண்டாள்.

என் கை இப்போது காலியாக இருந்தது. உதறிய போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே திரும்பினேன். எலுமிச்சைக்கும் போகாத கறுப்பு நகக்கண்ணோடு இரண்டு கையையும் விரித்தேன். என்னால் முழுசாகச் சொல்ல முடியாமல் போன ஜெபத்தை முதலிலிருந்து, ஒற்றை ஆளாக, சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நாளைக்கான எங்கள் அப்பத்தை என்ற இடம் வந்தபோது நிறுத்தி, அதை இன்னொரு தடவை சொன்னேன். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். ஹாலில் யாரும் இன்னும் கையை இறக்கவில்லை.